ஒரு ரெக்கார்டு கூட இல்லை... ஆனாலும் லெஜண்ட்! யார் இந்த காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை?

பழைய ராப்பர் ஒருவர் பல வருடம் கழித்து ஆல்பம் போட்டால் போதும், ரசிகர்கள் இரண்டு அணியாகப் பிரிந்துவிடுவார்கள். 2024-ல் எல்.எல். கூல் ஜே 11 ஆண்டுகளுக்குப் பிறகு 'தி ஃபோர்ஸ்' ஆல்பத்தோடு திரும்பி வந்தார். அவர் மாதிரி ஒருவர் வந்தாலே பழைய கேள்விகளும் கூடவே வந்துவிடும். அந்த ஃப்ளோ இன்னும் இருக்கிறதா? எல்லாக் காலத்துக்கும் பெரிய ராப்பர் யார்? டாப் 5 லிஸ்ட்டில் யாரைத் தூக்கிவிட்டு யாரை வைப்பது? தமிழ் ராப் ரசிகர்களும் இதில் சளைத்தவர்கள் இல்லை. 2006-ல் மலேசியாவிலிருந்து வந்த யோகி பி & நட்சத்ராவின் 'வல்லவன்' ஆல்பத்தைத் தொடாமல் இங்கே எந்த விவாதமும் முடியாது.

இந்தச் சண்டைகளில் ஒரு வசதி இருக்கிறது. எல்லார் கையிலும் ஆதாரம் உண்டு. லிங்க்கை அனுப்பி, கேட்டுப் பார்த்துவிட்டுப் பேசு என்று சொல்லிவிடலாம்.

ஆனால் பட்டுக்கும் கோயில்களுக்கும் பேர் போன காஞ்சிபுரத்தில் பிறந்த ஒரு பாடகர் விஷயத்தில் அந்த வசதி கிடையாது. அவர் இறந்து 90 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. தாளத்தில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று ஒரு தரப்பு இன்றும் சொல்கிறது. அதெல்லாம் கணக்கு, சங்கீதம் இல்லை என்று இன்னொரு தரப்பு. கேட்டுப் பார்க்கலாம் என்றால் அவர் குரல் ஒரு நிமிடம் கூட பதிவாகிக் கிடைக்கவில்லை.

அவர்தான் காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை.

பாட்டு வீட்டில் பிறந்த பயில்வான்

1889-ல் பிறந்தவர். இயற்பெயர் சுப்பிரமணியம். அம்மா காமாட்சி அம்மாள் பாடகி. அம்மாவின் சகோதரி தனகோடி அம்மாள் அந்தக் காலத்தில் ரொம்பவே பெயர் வாங்கிய பாடகி. தலைமுறை தலைமுறையாக இசையை வைத்தே வாழ்ந்த குடும்பம். கோயிலில் ஆடலும் பாடலும் செய்துவந்த இசைக் குடும்பங்கள் காஞ்சிபுரத்தில் ஏராளம். பரதநாட்டிய மேதை பாலசரஸ்வதியின் அரங்கேற்றம் 1925-ல் நடந்ததும் இந்த ஊர்க் கோயிலில்தான். அப்போது அவருக்கு வயது 7.

இப்படி ஒரு வீட்டில் பிறந்தும் சின்ன வயதில் பையனுக்குப் பாட்டில் ஆர்வம் வரவில்லை. உடற்பயிற்சி, குஸ்தி, பட்டம் விடுவது என்று ஊர் சுற்றினார் என்பார்கள். பிறகு எப்படித் திரும்பினார் என்பதற்குப் பல கதைகள் உண்டு. அதில் எது நிஜம் என்று பிரிப்பது கஷ்டம். எல்லாக் கதையிலும் பொதுவாக இருப்பது ஒன்று: லேட்டாக ஆரம்பித்தார், ஆரம்பித்தபின் வெறியோடு சாதகம் செய்தார்.

ஜலதரங்கம் ரமணய்யா செட்டி என்ற வித்வானிடமிருந்து தியாகராஜர் கீர்த்தனைகளை நிறைய கற்றுக்கொண்டார். மற்றவர்கள் மேடையில் தொடாத பாடல்கள் எல்லாம் அவர் கைவசம் இருந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

'ஃபுல் பெஞ்ச்' என்றால் என்ன?

நாயனாப் பிள்ளை என்றாலே இசை ரசிகர்கள் சொல்லும் வார்த்தை இது. கோர்ட்டில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட நீதிபதிகள் ஒன்றாக உட்கார்ந்து விசாரிப்பதற்கு ஃபுல் பெஞ்ச் என்று பெயர். அதையே கச்சேரிக்கு வைத்துவிட்டார்கள்.

சாதாரணமாக ஒரு பாடகருக்கு வயலின், மிருதங்கம், கூட ஒரு கடமோ கஞ்சிராவோ இருந்தால் போதும். நாயனாப் பிள்ளை மேடையில் மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், டோலக் என்று வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். இத்தனை பேரையும் தாளத்தில் கட்டி மேய்க்க வேண்டும். ஒரு இடத்தில் பாடகர் தடுமாறினாலும் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். பக்கத்தில் இருப்பவர்களும் சாதாரண ஆட்கள் இல்லை. புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை, மாமூண்டியா பிள்ளையின் சிஷ்யர், கஞ்சிராவிலும் மிருதங்கத்திலும் ஜாம்பவான். அப்படிப்பட்டவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பாடுவதற்கே தனி தைரியம் வேண்டும். ராப் பாஷையில் சொன்னால், ஒவ்வொரு கச்சேரியும் ஒரு பேட்டில்.

அந்த வரிசையில் கையில் எந்த வாத்தியமும் இல்லாமல் ஒருவர் உட்கார்ந்திருப்பார். மன்னார்குடி பக்கிரியா பிள்ளை. அவருடைய வாத்தியம் அவர் வாய்தான். மிருதங்கத்தில் விழும் சொற்களை அப்படியே வாயால் தாளத்தில் சொல்வது கொன்னக்கோல். மெலடி கிடையாது, ராகம் கிடையாது. சொல்லும் வேகமும் மட்டும். ராப்புக்கும் இதற்கும் ரத்த சம்பந்தம் இல்லை. ராப் வளர்ந்தது 1970-களின் நியூயார்க்கில், கறுப்பின இளைஞர்கள் மத்தியில். ஆனால் பீட் மேல் சொல்லை எங்கே வைப்பது என்ற கேள்வி இரண்டுக்கும் ஒன்றுதான்.

அப்படி என்ன கணக்கு?

ஆதி தாளம் ஒரு சுற்றுக்கு 8 அட்சரம். ஒவ்வொரு அட்சரத்தையும் நான்காகப் பிரித்தால் ஒரு சுற்றில் 32 சின்னத் துண்டுகள். மூன்றாகப் பிரித்தால் 24. ஐந்தாகப் பிரித்தால் 40, ஏழாகப் பிரித்தால் 56. இதைத்தான் நடை என்கிறார்கள். கை போடும் தாளம் மாறவே கூடாது. அதே வேகத்தில் கை தட்டிக்கொண்டே, வாயில் வரும் வரி மட்டும் ஒரு நடையிலிருந்து இன்னொரு நடைக்குத் தாவ வேண்டும். தாவிவிட்டு சரியான இடத்தில் வந்து இறங்கவும் வேண்டும். பீட் மாறாமல் ராப்பர் திடீரென்று டபுள் டைமில் போவதை ரசித்தவர்களுக்கு இது புரியும். என்ன, அங்கே பெரும்பாலும் இரண்டு மடங்கு. இங்கே ஐந்தும் ஏழும்.

ராகம் தானம் பல்லவியில் இந்த வேலை உச்சத்துக்குப் போகும். ஒரே ஒரு வரி, அதை வைத்து மணிக்கணக்கில் விளையாட்டு. அந்த வரியும் பல நேரம் தாளம் தொடங்கும் இடத்தில் தொடங்காது; கொஞ்சம் தள்ளியோ முன்னாலேயோ எடுப்பு இருக்கும். நாயனாப் பிள்ளையின் கோட்டை இதுதான். அருணகிரிநாதரின் திருப்புகழையும் அவர் மேடையில் விரும்பிப் பாடினார். திருப்புகழ் முழுக்க சந்தம். தாளம் பிசகினால் பாட்டே நிற்காது. அவர் அதைத் தேர்ந்தெடுத்ததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

தாளக் கணக்கில் சொற்கட்டுகளை அடுக்கி ஒரு முடிவுக்குக் கொண்டுவருவதற்குக் கோர்வை என்று பெயர். காஞ்சிபுரத்துத் தறிக்காரர்களிடமும் இதே வார்த்தை உண்டு. சேலையின் உடலையும் வேறு நிறக் கரையையும் மூன்று நாடா வைத்து, இழைக்கு இழை பூட்டி நெய்வது கோர்வைச் சேலை. நெசவாளி ஒருவரே செய்ய முடியாது, பக்கத்தில் துணைக்கு ஓர் ஆள் வேண்டும். இசைக்கும் தறிக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. வார்த்தை ஒன்று என்பதே அழகுதான்.

ரசிகர்கள் சண்டை எதற்கு?

நாயனாப் பிள்ளை பாடிய அதே காலத்தில், அவரைவிட ஒரு வயதே இளையவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். விறுவிறுப்பான, அளவான கச்சேரி அவருடையது. இன்று சபாக்களில் கேட்கும் கச்சேரியின் வடிவம் பெரும்பாலும் அவர் போட்ட பாதை. நாயனாப் பிள்ளையின் ஃபுல் பெஞ்ச் அந்தப் பாதைக்கு வெளியே நின்றுவிட்டது. தாள வாத்தியங்களின் சத்தத்தில் ராக பாவம் அமுங்கிப் போகிறது, கச்சேரி குஸ்தி மேடை ஆகிறது என்ற குறை அவர் காலத்திலேயே இருந்தது. டெக்னிக் இருக்கிறது, ஃபீல் எங்கே என்று ராப் ரசிகர்கள் கேட்பதும் இதே கேள்விதான்.

இந்தக் குறை முழுக்க நியாயம் என்று சொல்ல முடியாது. மென்மையான, நிதானமான இசைக்கு அடையாளமாகச் சொல்லப்படுவது வீணை தனம்மாள் வீடு. அந்த வீட்டுப் பேத்திகள் பிருந்தாவையும் முக்தாவையும் பாட்டு கற்க அனுப்பியது யாரிடம் தெரியுமா? காஞ்சிபுரத்துக்கு, நாயனாப் பிள்ளையிடம். வெறும் கணக்கு வாத்தியார் என்றால் தனம்மாள் குடும்பம் அனுப்பியிருக்காது.

ஏன் ரெக்கார்டு இல்லை?

கிராமபோன் கம்பெனிகள் மதராஸ் பக்கம் வந்து 1900-களின் தொடக்கத்திலிருந்தே பாடகர்களைப் பதிவு செய்தன. கோயம்புத்தூர் தாயி, சேலம் கோதாவரி போன்றவர்களின் குரல் அப்படித்தான் இன்றும் மிஞ்சியிருக்கிறது. நாயனாப் பிள்ளை இதற்குச் சம்மதிக்கவே இல்லை என்று இசை உலகில் சொல்லப்படுகிறது.

சம்மதித்திருந்தாலும் என்ன பதிவாகியிருக்கும் என்பது வேறு விஷயம். 78 ஆர்பிஎம் தட்டின் ஒரு பக்கத்தில் அடங்குவது சுமார் 3 நிமிடம். வரிசையாக வாத்தியங்களை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் விரியும் பல்லவியை அதில் எங்கே அடக்குவது?

1934-ல் அவர் இறந்தபோது வயது நாற்பதுகளின் நடுவில்தான். மியூசிக் அகாடமி தொடங்கி 6 ஆண்டுகளே ஆகியிருந்தன. சங்கீத கலாநிதி பட்டம் வழக்கத்துக்கு வந்தது 1942-ல். விருது இல்லை, ரெக்கார்டு இல்லை. அடுத்த தலைமுறை கையில் இருந்தது கேட்டவர்களின் ஞாபகம் மட்டும்.

அப்புறம் எப்படிப் பெயர் நிலைத்தது?

மூன்று பேரைச் சொல்லலாம். முதலில் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை. ஆந்திரப் பக்கத்திலிருந்து வந்து குருகுலமாக இருந்து கற்றவர், குருவோடு மேடையிலும் பாடியவர். 1954-ல் சங்கீத கலாநிதி. அடுத்து, 1976-ல் அதே பட்டம் பெற்ற டி. பிருந்தா.

மூன்றாமவர் நேரடி சிஷ்யை கூட இல்லை. 1919-ல் காஞ்சிபுரத்தில் பிறந்த டி.கே. பட்டம்மாள். பிராமணக் குடும்பத்துப் பெண் மேடை ஏறிப் பாடுவதே கேள்விக்குறியாக இருந்த காலம். காஞ்சிபுரத்தில் நாயனாப் பிள்ளை தியாகராஜர் உற்சவத்தை விமரிசையாக நடத்துவார். அதையொட்டி நடந்த போட்டியில் சிறுமி பட்டம்மாள் பைரவி ராகக் கீர்த்தனை ஒன்றைப் பாடி முதல் பரிசு வாங்கினார். ஊரில் நடந்த கச்சேரிகளை உட்கார்ந்து கேட்டு, வீட்டுக்கு வந்து தம்பிகள் உதவியோடு ஞாபகத்திலிருந்து குறித்துக்கொள்வது அவர் பழக்கம். ரெக்கார்டர் இல்லாத ஊரில் பிள்ளைகளே ரெக்கார்டர்.

1932-ல் மதராஸ் ரசிக ரஞ்சனி சபாவில் முதல் பொதுக் கச்சேரி. அதன் பிறகு ஆண்களின் ஏரியா என்று ஒதுக்கப்பட்டிருந்த ராகம் தானம் பல்லவியை மேடையில் பாட ஆரம்பித்தார். சின்ன வயதில் நாயனாப் பிள்ளை பாடக் கேட்டதுதான் அந்த ஆசைக்கு விதை. ரசிகர்கள் அவருக்கு வைத்த பெயர் பல்லவி பட்டம்மாள். 1970-ல் அவருக்கும் சங்கீத கலாநிதி கிடைத்தது.

கம்பேக் கொடுத்தது யார்?

நாயனாப் பிள்ளைக்குக் கம்பேக் கிடையாது. ஆனால் அவர் மேடையில் வாத்தியம் இல்லாமல் உட்கார்ந்திருந்தாரே பக்கிரியா பிள்ளை, அவருடைய கலைக்கு வந்தது. ஃபுல் பெஞ்ச் குறைந்தபோது கொன்னக்கோல்காரர்களின் இடமும் மேடையில் சுருங்கியது. பல காலம் அது மிருதங்க வகுப்பில் சொல்லிப் பழகும் பாடமாகவே ஒதுங்கிக் கிடந்தது. 2007-ல் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாக்லினும் கஞ்சிரா கலைஞர் செல்வகணேஷும் சேர்ந்து கொன்னக்கோல் கற்றுத்தர ஒரு டிவிடியே வெளியிட்டார்கள். பிறகு சோமசேகர் ஜோயிஸ், வி. சிவப்ரியா போன்றவர்களின் வீடியோக்கள் வைரலாகி, உலகம் முழுக்க டிரம்மர்களும் பீட்பாக்ஸர்களும் தகதிமி சொல்லிப் பார்க்கிறார்கள்.

நாயனாப் பிள்ளை எப்படிப் பாடியிருப்பார் என்று யோசிப்பவர்கள் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையின் பழைய பதிவுகளிலிருந்து தொடங்கலாம். பட்டம்மாளின் பல்லவிகளையும் திருப்புகழையும் அடுத்து கேட்கலாம். கேட்கும்போது கையில் தாளம் போட்டுப் பாருங்கள். எங்கேயோ ஒரு இடத்தில் கை தப்பும். குரு விட்டுப்போன இடம் அதுவாகவும் இருக்கலாம், சிஷ்யர்கள் சொந்தமாகச் சேர்த்ததாகவும் இருக்கலாம். எது எது என்று காஞ்சிபுரத்து ரசிகர்களிடம் கேட்டால் இன்னொரு சண்டை ஆரம்பிக்கும்.