பென்சிலை முறித்து விடைகொடுத்த மக்கள்

மார்செல் கிரியோல் 1956 பெப்ரவரி 23ஆம் திகதி பாரிஸில் மாரடைப்பால் காலமானார். அப்போது அவருக்கு வயது 57. அவரது உடல் பிரான்ஸில் இருந்தது. ஆனால் இன்றைய மாலி நாட்டின் சங்கா பகுதியில் வாழும் டோகன் மக்கள் தங்கள் முறைப்படி அவருக்கு மரணச் சடங்கு செய்தார்கள். உடலுக்குப் பதிலாக ஓர் உருவப் பொம்மையை வைத்தார்கள். டோகன் விவசாயி ஒருவர் இறந்தால் அவரது மண்வெட்டியை உடைத்து, அவருடைய உழைப்பு முடிந்துவிட்டதென்று காட்டுவது அங்குள்ள வழக்கம். கிரியோலின் கையில் அவர்கள் மண்வெட்டியைக் கண்டதில்லை. ஆகவே ஒரு பென்சிலை முறித்தார்கள்.

ஊடகக் கற்கை படித்த காலத்தில் கிரியோலை ஆரம்பகால ஆவணப்படக்காரர்களில் ஒருவராக மட்டுமே அறிந்திருந்தேன். பின்னர் காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களைச் சந்தித்து எழுதத் தொடங்கினேன். அந்தியேட்டி செய்தால் பிள்ளை இறந்துவிட்டதாக ஒப்புக்கொண்டதாகிவிடுமோ என்று பல ஆண்டுகளாகத் தவிக்கும் தாய்மாரைப் பார்த்த பிறகு, அந்தப் பென்சிலின் கதை எனக்கு வேறுவிதமாகத் தெரிந்தது. இரண்டும் ஒன்றல்ல. கிரியோலின் மரணம் உறுதியானது. இந்தத் தாய்மாருக்கு அந்த உறுதியைக்கூட எவரும் கொடுக்கவில்லை. ஆயினும் துக்கத்தை யார் முடித்து வைப்பது என்ற கேள்வி இரண்டிலும் இருக்கிறது.

கிரியோல் 1898இல் பிரான்ஸின் யோன் மாவட்டத்தில் பிறந்தார். முதல் உலகப் போரின்போது இராணுவத்தில் சேர்ந்தார். பின்னர் விமானப் படையில் இருந்தார். போருக்குப் பின் எதியோப்பிய மொழிகளைக் கற்று, 1928இல் அந்த நாட்டுக்கு ஆய்வுக்காகச் சென்றார். 1935இல் இத்தாலி எதியோப்பியா மீது படையெடுத்தபோது எதியோப்பியாவின் பக்கம் நின்று எழுதினார்.

அவரது பெயரைப் பரப்பியது 1931 முதல் 1933 வரை நடந்த டக்கார் – ஜிபூட்டிப் பயணம். ஆபிரிக்காவை மேற்கிலிருந்து கிழக்காகக் கடந்த அந்தக் குழுவுக்குப் பிரெஞ்சு நாடாளுமன்றம் சட்டம் இயற்றிப் பணம் ஒதுக்கியது. சுமார் 3,500 பொருட்களுடன் குழு பாரிஸ் திரும்பியது.

அவை எப்படிக் கிடைத்தன என்பதில்தான் இந்த வாழ்க்கையின் கறை இருக்கிறது. பல பொருட்கள் பணம் கொடுத்து வாங்கப்பட்டவை. ஆனால் காலனி ஆட்சியின் அதிகாரத்தோடு வந்து நிற்பவர்களுக்கு விற்க மறுப்பது கிராமத்தவர்களுக்கு எளிதல்ல. சில பொருட்கள் வெளிப்படையாகப் பறிக்கப்பட்டன. 1931 செப்டெம்பரில் பம்பாரா மக்களின் கிராமங்களில், மிரட்டல் விடுத்தும் இரகசியமாகவும் புனிதச் சடங்குப் பொருட்களைக் குழுவினர் எடுத்துச் சென்றார்கள். குழுவின் செயலாளர் மிஷெல் லெரிஸ் இதையெல்லாம் தன் நாட்குறிப்பில் எழுதி 1934இல் நூலாக வெளியிட்டார். கிரியோல் கடும் கோபமடைந்தார். இருவரின் நட்பும் முறிந்தது.

அதே பயணத்தில்தான் அவர் பண்டியாகரா மலைச்சரிவில் வாழும் டோகன் மக்களைக் கண்டார். அதன்பின் வாழ்நாள் முழுவதும் அங்கே திரும்பத் திரும்பப் போனார். அவரை முதலில் ஈர்த்தவை முகமூடிகள். 1938இல் வெளியான அவரது பெருநூல் எழுபதுக்கும் மேற்பட்ட முகமூடி வகைகளை விவரிக்கிறது. மான், முயல், குரங்கு, கழுதைப்புலி, சிங்கம், முதலை, எருமை எனக் காட்டிலும் நீரிலும் உள்ள விலங்குகள் பல மரத்தில் செதுக்கப்பட்டிருந்தன. ஆடுபவர்கள் சிவப்புச் சாயமிட்ட நார்ப்பாவாடை அணிந்திருப்பார்கள். வாலு எனப்படும் மான் முகமூடிக்காரர் கையில் தடியோடு, காயப்பட்ட மிருகத்தைப்போல் தடுமாறி ஆடுவார்.

இவை வேடிக்கைக்காகச் செதுக்கப்பட்டவை அல்ல. கொல்லப்பட்ட விலங்கிலிருந்து வெளியேறும் உயிர்ச்சக்தி கொன்றவனைத் தாக்கும் என்பது டோகன் நம்பிக்கை. அந்த விலங்கின் உருவத்தைச் செதுக்கி, அந்தச் சக்திக்கு ஓர் இருப்பிடம் கொடுத்தால் ஆபத்து நீங்கும் என்று கிரியோல் அதை விளக்கினார். மனித மரணத்துக்கும் ஏறத்தாழ இதே முறைதான். ஒருவர் இறந்து சில ஆண்டுகளின் பின் தாமா என்ற விழா நடக்கும். முகமூடிக்காரர்கள் வீட்டுக் கூரைமேலும் பொதுவெளியிலும் பல நாட்கள் ஆடி, ஊருக்குள் அலையும் ஆன்மாவை முன்னோர்களிடம் அனுப்பி வைப்பார்கள். அன்றோடு துக்கம் முடியும். ஒரு வீட்டின் இழப்பை முழு ஊரும் சேர்ந்து முடித்து வைக்கும் ஏற்பாடு இது.

1940களின் தொடக்கத்தில் சோர்பொன் பல்கலைக்கழகத்தில் இனவரைவியலுக்கென உருவான முதல் பேராசிரியர் பதவி கிரியோலுக்குக் கிடைத்தது. 1946இல் அவர் மீண்டும் சங்காவுக்குச் சென்றபோது ஓகோதெம்மேலி என்ற முதியவர் அவரை அழைத்தார். துப்பாக்கி வெடித்துப் பார்வையிழந்த வேட்டைக்காரர் அவர். 33 நாட்கள் அவர் சொன்ன உலகத் தோற்றக் கதையைக் கிரியோல் 1948இல் நூலாக்கினார். அங்கே பின்னர் ஆய்வு செய்த வால்டர் வான் பேக், அப்படியொரு விரிவான தத்துவத்தைத் தம்மால் ஊர்மக்களிடம் காண முடியவில்லை என்று 1991இல் எழுதினார். அந்த விவாதம் இன்னும் தொடர்கிறது.

ஊர்மக்கள் கிரியோலை வேறு ஒன்றுக்காகவும் நினைவில் வைத்திருந்தார்கள். சங்காவில் ஓர் அணை கட்டுவதற்கு அவர் உதவினார். அந்த நீரில் வெங்காயச் செய்கை பெருகியது. ஆகவே 1956இல் அவர்கள் செய்த சடங்கை ஏமாந்தவர்களின் செயல் என்று என்னால் பார்க்க முடியவில்லை. பறிக்கவும் தெரிந்த, கேட்கவும் தெரிந்த ஒரு மனிதரை அவர்கள் அறிந்திருந்தார்கள். அவரது துக்கத்தை எப்படி முடிப்பது என்பதை அவர்களே தீர்மானித்தார்கள்.

அந்தப் பயணம் கொண்டுவந்த பொருட்களை இன்று பாரிஸின் கே பிரான்லி நூதனசாலை வைத்திருக்கிறது. அவை எந்த விதத்தில் பெறப்பட்டன என்பதை ஆராயும் கண்காட்சியை அதே நூதனசாலை 2025இல் நடத்தியது. கண்ணாடிப் பெட்டிக்குள் மரம் கெடாமல் இருக்கிறது. ஆனால் அங்கே அது யாருடைய துக்கத்தையும் முடிப்பதில்லை.

இன்று டோகன் நாடும் போருக்குள் இருக்கிறது. 2012இல் வட மாலியில் தொடங்கிய யுத்தம் நாட்டின் நடுப்பகுதிக்கும் பரவியது. 2019 மார்ச்சில் ஓகோசாகு கிராமத்தில் 150க்கும் மேற்பட்ட புலானி மக்கள் கொல்லப்பட்டார்கள். டோகன் ஆயுததாரிகள் மீது குற்றஞ்சாட்டப்பட்டது. அதே ஆண்டு ஜூனில் சொபானே தா என்ற டோகன் கிராமம் தாக்கப்பட்டு எரிக்கப்பட்டது. கிரியோலின் காலத்து முகமூடிகளில் புலானிப் பெண்ணின் முகமும் ஒன்று. அயலவரையும் தங்கள் ஆட்டத்தில் சேர்த்துக்கொண்ட சமூகம் இது.

சிகுயி என்ற பெருவிழா 60 ஆண்டுகளுக்கு ஒருமுறை டோகன் ஊர்களில் தொடங்குகிறது. பாம்பு உருவில் இறந்த முதல் மூதாதையின் ஆன்மாவுக்காக, பாம்பைப் போன்ற மிக நீளமான முகமூடி ஒன்றை அப்போது புதிதாகச் செதுக்குவார்கள். கடைசி விழா 1967இல் தொடங்கியது. அடுத்தது 2027இல் தொடங்க வேண்டும். பழைய முகமூடியைப் பார்க்க நூதனசாலை இருக்கிறது. கிரியோலின் நூலும் இருக்கிறது. ஆனால் புதியதைச் செதுக்க மரமும், அச்சமில்லாமல் கூடக்கூடிய ஓர் ஊரும் வேண்டும்.