கண்ணீரில் எழுந்த மருத்துவமனை

அரக்கோணம் வழியாக ரயிலேறிச் சென்னை சென்று, அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுத் திரும்பியவர்கள் நம் திருத்தணியிலும் உண்டு. அந்நிலையத்தை எழுப்பிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் வாழ்வை இவ்வாண்டு மலரில் நினைவுகூர்கிறோம்.

அம்மையார் 1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர், தாய் சந்திரம்மாள். பெண்கள் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த அக்காலத்தில், ஆண்கள் பயிலும் மகாராஜா கல்லூரியில் ஒரே மாணவியாகச் சேர்ந்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுழைந்து, 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார்.

1923இல் அருமைத் தங்கையைப் புற்றுநோய் கொண்டுபோயிற்று. தாம் மருத்துவராக இருந்தும் உடன்பிறந்தவளைக் காக்க முடியவில்லையே என்ற வேதனை அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. 1925இல் மேற்பயிற்சிக்காக லண்டன் சென்றவர், அங்கே இந்நோய்க்கென்றே தனி மருத்துவமனை இயங்குவதைக் கண்டார். அதுபோன்ற ஒன்றைச் சென்னையிலும் அமைக்க உறுதி பூண்டார்.

பின்னர் சட்டமன்ற மேலவையில் உறுப்பினராகி, தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்டார். ஆதரவற்ற பெண்களுக்காக ஔவை இல்லம் நிறுவினார். ஆயினும் பழைய உறுதியை மறக்கவில்லை. புற்றுநோய் வந்தால் சாவுதான் என்று படித்தவர்களே நம்பிய காலம் அது. அதற்கெனப் பணம் திரட்டுவது எளிதாயிருக்குமா? அவர் சளைக்கவில்லை. 1952இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் மருத்துவமனை திறக்கப்பட்டது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தனர். அம்மையார் 1968இல் மறைந்தார்.

அங்கு வந்த பெண்களில் கருப்பைவாய்ப் புற்றுநோய் கண்டவர்கள் ஏராளம். நாணத்தால் நோயை மறைத்து, முற்றிய பின்னரே வந்தனர். அந்நோயின் மூலம் அன்று எவருக்கும் தெரியாது.

அம்மையார் மாணவியாயிருந்த 1911இல், அமெரிக்காவில் பெய்டன் ரவுஸ் என்ற அறிஞர் ஒரு கோழியின் கட்டியை அரைத்து வடிகட்டி, அச்சாற்றை மற்றொரு கோழிக்குச் செலுத்தினார். அதற்கும் கட்டி உண்டாயிற்று. காரணம் ஒரு வைரஸ். உலகம் உடனே நம்பவில்லை. 1966இல்தான் அவருக்கு நோபல் பரிசு கிட்டியது. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கும் பாப்பிலோமா வைரஸ் வகைகளே காரணம் என்ற உண்மைக்கு, ஜெர்மானிய அறிஞர் ஹரால்டு சூர் ஹாசன் 1983இல் வழி திறந்தார். 2008இல் அவரும் நோபல் பரிசு பெற்றார். கல்லீரல் அழற்சி பி வைரஸும் நாளடைவில் கல்லீரல் புற்றுநோய்க்கு வழிகோலும் என்பதை இன்று அறிவோம்.

வைரஸ் தொற்றினாலே புற்றுநோய் வந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. பாப்பிலோமா வைரஸ் மிகப் பரவலானது, மணவாழ்விலும் தொற்றக்கூடியது. பெரும்பாலோரின் உடல் அதைத் தானே வென்றுவிடும். சிலரிடம் மட்டும் அது பல ஆண்டுகள் தங்கிச் செல்களைக் கெடுக்கிறது. ஆகவே நோயுற்ற எவரையும் பழித்தல் தகாது. நோயாளியைத் தொடுவதாலும் உடன் உண்பதாலும் புற்றுநோய் ஒட்டாது.

வெள்ளம் வருமுன் அணை கட்டுவதே அறிவுடைமை. கல்லீரல் அழற்சி பி தடுப்பூசியைக் குழந்தை பிறந்தவுடனேயே போடுகின்றனர். பாப்பிலோமா தடுப்பூசி, தொற்று நேரும் முன்பே போட்டால்தான் முழுப் பயன் தரும். 9 முதல் 14 வயது அதற்கு ஏற்றது. 2022 முதல் அது நம் நாட்டிலேயே தயாராகிறது. ஊசி போட்டாலும் பிற்காலப் பரிசோதனை தேவையே. 30 வயது கடந்த அன்னையர், நோய்க்குறி ஏதும் இல்லாவிடினும், அரசு மருத்துவமனையில் கருப்பைவாயைப் பரிசோதித்துக்கொள்ளல் வேண்டும்.

தமிழ் பேசும் அம்மாவும் தெலுங்கு பேசும் அம்மாவும் நம் பள்ளி வாயிலில் ஒன்றாக நிற்கின்றனர். அன்பு மாணவியரே, இம்மலரை வீட்டுக்கு எடுத்துச் சென்று, அம்மாவுக்கும் பாட்டிக்கும் சித்திக்கும் படித்துக் காட்டுங்கள். தங்கையை இழந்த அம்மையார் பிறர் தங்கையருக்காக உழைத்தார். நாமோ நம் அன்னையரை இழக்குமுன்பே காக்க வல்லவர்கள்.