லண்டன் கதவைத் தட்டிய டாக்டர் நாயர்

ஓட்டுப் போட்டு அனுப்பி வைத்தவனை வழிமறித்துக் கேள்வி கேட்கலாம். கேட்க உரிமை உண்டு. ஓட்டே இல்லாத இடத்தில், நம்மைக் கேளாமலே நம் தலைவிதியை எழுதும் மன்றத்தின் முன் நின்று, எங்களுக்கும் பங்கு வேண்டும் என்று வாதாடுவது எப்படி? வாதாடினார் ஒருவர். படை இல்லை, பட்டாளம் இல்லை. கையிலே கணக்கு, நாவிலே வாதம், உடலிலே நோய். அந்த மூன்றோடும் கடல் கடந்தார். அவர்தான் டாக்டர் டி. எம். நாயர்.

தேனியிலும் கம்பத்திலும் கொடி தூக்கும் தோழர்கள் அவர் பெயரைக் கேட்டிருப்பார்கள். நீதிக்கட்சியைத் தோற்றுவித்தோரில் ஒருவர் என்பதும் தெரிந்திருக்கும். அவர் லண்டனில் செய்த வேலை என்ன என்பது பலருக்குத் தெரியாது. அது தெரியவேண்டும், அந்த வேலை இன்னும் முடியவில்லை.

1868 ஜனவரி 15-ல் மலபாரின் திரூரில் பிறந்தவர் தரவாத்து மாதவன் நாயர். சென்னையில் படித்தார், எடின்பரோ சென்று மருத்துவப் பட்டம் பெற்றார், காது, மூக்கு, தொண்டை நோய்களில் கைதேர்ந்தவராய் 1897-ல் திரும்பினார். பணத்தைக் குவித்துக்கொண்டு பங்களாவில் படுத்திருக்கலாம். அவரோ 1904 முதல் 1916 வரை சென்னை நகரசபையில் திருவல்லிக்கேணியின் பிரதிநிதியாக உட்கார்ந்து, தெருவுக்கும் தண்ணீருக்கும் சாக்கடைக்கும் சண்டை போட்டார்.

ஆலைத் தொழிலாளத் தோழர்கள் மறக்கக்கூடாத ஆண்டு 1908. ஆலைகளுக்கு மின்விளக்கு வந்த காலம் அது. விளக்கு வந்ததும் இரவு போயிற்று. பதினான்கு மணி நேரம்கூட உழைப்பு! நிலையை ஆராய வெள்ளை அரசு ஒரு கமிஷன் அமைத்தது. அந்த நாளில் இரண்டு பணக்காரக் குரல்கள் எழுந்தன. லங்காஷயர் முதலாளிகள், இந்திய ஆலைகளின் வேலை நேரத்தைக் குறைக்க வேண்டும் என்று பிரிட்டிஷ் பாராளுமன்ற உறுப்பினர்களை நெருக்கினார்கள். ஏழைமேல் இரக்கமா? போட்டியின்மேல் பயம்! இங்கேயுள்ள முதலாளிகளோ குறைக்கவே கூடாது என்றார்கள். தொழிலாளிக்காகப் பேச ஆள் இல்லை. கமிஷனில் இருந்த நாயர் பேசினார். வயதுவந்த ஆண்களின் வேலை நேரத்தைச் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்த வேண்டாம் என்று பெரும்பான்மையோர் எழுத, நாயர் தனியே மாறுபட்ட குறிப்பு எழுதினார். 1911-ல் வந்த தொழிற்சாலைச் சட்டம், நெசவாலைகளில் ஆண்களுக்குப் பன்னிரண்டு மணிக்கு மேல் வேலை கூடாது என்று வரம்பு கட்டியது. யார் காதில் யார் ஓதுகிறார்களோ, அவர்கள் பக்கம் சட்டம் சாயும் என்பதை நாயர் அங்கேயே கண்டுகொண்டார்.

1916 நவம்பர் 20-ல் சென்னையில் கூடிய கூட்டத்தில் பிட்டி தியாகராயரோடு கைகோத்தார். தென்னிந்திய நல உரிமைச் சங்கம் பிறந்தது. மறு ஆண்டு பிப்ரவரியில் அவரை ஆசிரியராகக் கொண்டு ஜஸ்டிஸ் ஏடு வெளிவந்தது. அந்த ஏட்டின் பெயரே கட்சிக்கும் பெயராயிற்று.

1918-ல் மாண்டேகு-செம்ஸ்போர்டு அறிக்கை வந்தது. பார்ப்பனரல்லாதார் எண்ணிக்கையில் மிகுந்தவர்கள். அவர்களுக்குத் தனிப் பிரதிநிதித்துவம் எதற்கு என்பது அதன் நிலை. எண்ணிக்கை இருந்தது, உண்மை. படிப்பு இருந்ததா? பதவி இருந்ததா? மன்றத்தில் இடம் இருந்ததா? இதைக் கேட்க நாயர் முன்பே லண்டன் சேர்ந்திருந்தார். சேர்ந்தவருக்கு வரவேற்பு வாய்ப்பூட்டு! அரசியல் பேசக்கூடாது என்று தடை. சும்மா இருந்தாரா? லேமிங்டன், சைடன்ஹாம் போன்ற பிரபுக்களிடம் முறையிட்டார். தடை தளர்ந்தது. ஆகஸ்டு 2-ல் பாராளுமன்றத்தின் இரு சபை உறுப்பினர்கள் முன்னிலையிலும் பேசினார்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். அந்தப் பிரபுக்களுக்கு நம்மேல் காதல் இல்லை. சைடன்ஹாம் நடத்திய இந்தோ-பிரிட்டிஷ் சங்கம் இந்தியருக்கு அதிகாரம் போவதையே விரும்பவில்லை. அவர்களுக்கு அவர்கள் காரியம், நாயருக்கு நம் காரியம். அந்தக் கூட்டு அவருக்குப் பழியும் தேடித் தந்தது. அதே லண்டனில் காங்கிரஸ் தூதுக்குழு, மிதவாதிகளின் குழு, ஹோம் ரூல் குழு என்று ஆளுக்கு ஒரு கதவைத் தட்டிக்கொண்டிருந்தனர். வராதவன் வழக்கு தோற்றுப்போகும் சந்தை அது.

1919-ல் மீண்டும் கப்பலேறினார். நீரிழிவு உடலைத் தின்றுகொண்டிருந்தது. மருத்துவருக்குத் தம் நோய் தெரியாதா? தெரிந்தே போனார். இரு சபைகளின் கூட்டுக் கமிட்டி சாட்சியம் கேட்க இருந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லுமுன், 1919 ஜூலை 17-ல் லண்டனிலேயே கண்மூடினார். வயது ஐம்பத்தொன்று. கோல்டர்ஸ் கிரீன் மயானத்தில் எரியூட்டப்பட்டார்.

ஆள் சாய்ந்தார், வழக்கு சாயவில்லை. கே. வி. ரெட்டி நாயுடுவும் தோழர்களும் கமிட்டி முன் சாட்சியம் சொன்னார்கள். 1920-ல் மெஸ்டன் பிரபுவின் தீர்ப்பு 28 இடங்களைப் பார்ப்பனரல்லாதாருக்கு ஒதுக்கியது. கேட்டது அதைவிட அதிகம். ஆனால் பூட்டு திறந்துவிட்டது. அந்த ஆண்டுத் தேர்தலைக் காங்கிரஸ் புறக்கணித்தது. நீதிக்கட்சி 98-ல் 63 இடங்களைப் பிடித்தது. அப்போது சட்டசபைக்குள் நுழைந்தவர்களில் ஒருவர் நம் உத்தமபாளையத்து பி. டி. ராஜன். 1936-ல் அவரே சென்னை மாகாண முதன் மந்திரியானார். இன்று கம்பம் பள்ளத்தாக்கில் பி.டி.ஆர். கால்வாயில் ஓடும் தண்ணீர் அவர் பெயரைச் சுமந்தே ஓடுகிறது.

ஆனால் அன்று ஓட்டு யாருக்கு? வரி கட்டியவனுக்கும் சொத்து உள்ளவனுக்கும்! வயலில் நாற்று நட்டவளுக்கும் வண்டி ஓட்டியவனுக்கும் கிடையாது. நாயர் திறந்த கதவு வழியே முதலில் நுழைந்தது கையில் காசுள்ளவர்களே. எல்லோருக்கும் ஓட்டு வர 1952 ஆயிற்று.

ஓட்டு வந்தபின் காதில் ஓதும் தொழில் ஒழிந்ததா? உலகெங்கும் வளர்ந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைநகரான பிரஸ்ஸல்ஸில் கம்பெனிகளும் சங்கங்களும் ஆள் வைத்தே உறுப்பினர்களைச் சந்திக்கின்றன. யார், யாருக்காக, எவ்வளவு செலவில் என்று பதிய அங்கே 2011 முதல் பொதுப் பதிவேடாவது இருக்கிறது. நம் நாட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லை. இங்கே இருட்டில் ஓதலாம்!

பள்ளத்தாக்கைப் பாருங்கள். கூடலூரிலும் கம்பத்திலும் போடியிலும் விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, மலை கடந்து ஏலத்தோட்டம் போகும் பெண்கள் எத்தனை பேர்! வீடு தமிழ்நாட்டில், வேலை கேரளத்தில். தோட்டக் கூலிக்கான விதி திருவனந்தபுரத்தில் எழுதப்படுகிறது. அந்தச் சட்டசபைக்கு இவர்களிடம் ஓட்டில்லை. தோட்டக்காரர்களுக்குச் சங்கம் உண்டு, வக்கீல் உண்டு, மந்திரி வீட்டு வாசல் உண்டு. கூலிக்காரிக்கு?

நாயர் வழி உண்டு. எத்தனை பேர், எத்தனை மணி, எவ்வளவு கூலி, எத்தனை ஜீப் கவிழ்ந்தது என்று கணக்கெடுங்கள். ஓட்டுக் கேட்டு வந்த நம் உறுப்பினரிடம் முதலில் கொடுங்கள். ஓட்டுக் கேட்காத இடுக்கி உறுப்பினரிடமும் கொடுங்கள். ஒருவராய்ப் போகாதீர்கள், ஊராய்ப் போங்கள். பகலில் போங்கள், எல்லோரும் பார்க்கப் போங்கள். ஒருமுறை திருப்பி அனுப்பினால் மறுமுறை போங்கள். நோயுற்ற மனிதர் ஒருவர் இரண்டுமுறை கடல் கடந்தார். நமக்குக் குமுளி மலைதானே குறுக்கே நிற்கிறது!