எம்ப்ராய்டரி கத்துக்கிட்ட டாக்டர்!

சட்டை கிழிஞ்சா தைச்சுப் போட்டுக்குவீங்க. ரத்தக்குழாய் கிழிஞ்சா?

1894-ல் பிரான்ஸ் அதிபர் ஸாடி கார்னோ, லியோன் நகரில் கத்தியால் குத்தப்பட்டார். கல்லீரலுக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் அறுந்துபோச்சு. அதைத் தைக்க வழி தெரியாததால் அவர் இறந்தார். அதே ஊர் மருத்துவ மாணவர் அலெக்ஸிஸ் காரெலை அந்தச் சம்பவம் விடவே இல்லை. லியோன் பட்டுக்குப் பேர்போன ஊராச்சே... நேரா ஓர் எம்ப்ராய்டரி பெண்மணியிடம் போய்த் தையல் கத்துக்கிட்டார்!

அப்போதும் சில முறைகள் இருந்தன. மர்ஃபி என்ற அமெரிக்க டாக்டர், ஒரு முனையை இன்னொரு முனைக்குள் செருகித் தைத்தார். பேயர் என்பவர் மெக்னீசிய வளையம் மாட்டி இணைத்தார். ரெண்டிலுமே ரத்தம் போகும் பாதை குறுகிடும். பச்சைக் குழந்தையின் குழாயை நினைச்சுப் பாருங்க, அதில் குறுக என்ன இருக்கு?

காரெல் செஞ்சது ரொம்ப சிம்பிள். ரெண்டு முனைகளையும் சேர்த்து மூணு இடத்தில் நூல் போட்டு இழுத்தார். வட்டம் முக்கோணமாச்சு. ஒவ்வொரு பக்கமும் நேர்கோடு என்பதால், எதிர்ச்சுவரில் ஊசி குத்தாமல் தைக்கலாம். மெல்லிய ஊசி, வாசலின் தடவிய பட்டு நூல். 1902-ல் இதை வெளியிட்டார்.

1908, நியூயார்க். பிறந்து சில நாளே ஆன பெண் குழந்தைக்கு ரத்தக்கசிவு நிற்கவே இல்லை. உறையாமல் ரத்தத்தைச் சேமிக்கும் முறை அப்போது கிடையாது. அப்பாவைப் பக்கத்தில் படுக்கவைத்து, அவர் மணிக்கட்டுத் தமனியைக் குழந்தையின் கால் சிரையோடு நேரடியா தைத்தார் காரெல். வெளுத்துக் கிடந்த உடம்பு சிவந்தது. குழந்தை பிழைச்சிடுச்சு!

1912-ல் நோபல் பரிசு. ஆனா, இவரைக் கண்ணை மூடிக்கிட்டு கொண்டாட முடியாது. 'தகுதியற்ற' மனிதர்களை ஒழிக்கலாம் என்று எழுதியவர். நாஜிகளோடு ஒத்துழைத்த விஷி அரசின் உதவியோடு ஆய்வு நிறுவனம் நடத்தினார். 1944-ல் இறந்தார். 1990-களில், லியோன் மருத்துவக் கல்லூரி தனக்கு வைத்திருந்த அவர் பெயரையே எடுத்துவிட்டது.

அவர் தையல் முறையில் குழந்தைகளுக்காகப் பின்னாடி வந்த மாற்றம் ஒண்ணு இருக்கு. குழந்தை வளரும்போது குழாயும் வளரணும் இல்லையா? ஒரே நூலைச் சுற்றிலும் ஓடவிட்டால், அது சுருக்குக் கயிறு மாதிரி அந்த இடத்தை வளரவிடாமல் பிடிக்கலாம். அதனால் பல குழந்தை சர்ஜன்கள் தையலைத் தனித்தனி முடிச்சாகப் போடுறாங்க, அல்லது உடம்பிலேயே கரையும் நூலைப் பயன்படுத்துறாங்க.