சைன்⁻¹ குழப்பத்துக்கு யார் காரணம்? ஜான் ஹெர்ஷலின் கதை!

சைன்⁻¹ என்றால் 1-ஐ சைனால் வகுப்பதா? பிளஸ் 2 கணக்கில் பலரும் தடுமாறும் இடம் இது. 1813-ல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் இந்தக் குறியீட்டைப் பயன்படுத்தியவர், இங்கிலாந்தின் ஜான் ஹெர்ஷல்.

யார் இவர்?

யுரேனஸைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷலின் ஒரே மகன். பிறந்தது 1792-ல். கேம்பிரிட்ஜில் படிக்கும்போதே நண்பர் சார்லஸ் பாபேஜுடன் சேர்ந்து, கணிதக் குறியீடுகளை மாற்றணும்னு சங்கம் தொடங்கினார். 1813 கணிதத் தேர்வில் அவர்தான் முதலிடம்.

அந்த −1 எதுக்கு?

30 டிகிரியின் சைன் 1/2. சரி, சைன் 1/2 ஆக இருக்கும் கோணம், −90 முதல் 90 டிகிரிக்குள் எது? இந்தத் தலைகீழ் கேள்விதான் சைன்⁻¹. விடை, 30 டிகிரி. 1-ஐ சைனால் வகுத்தா வர்றது கோசெக். அது வேற!

குழப்பம் எங்கே?

ஒரு சார்பை அடுத்தடுத்து இரண்டு முறை செய்தால் 2, வந்த வழியே திரும்பினால் −1. இதுதான் ஹெர்ஷலின் கணக்கு. அதன்படி சைன்² என்றால் சைனுக்கே மறுபடி சைன் எடுக்கணும். ஆனா, கணித உலகம் −1-ஐ மட்டும் ஏத்துக்கிட்டு, சைன்²-ஐ வர்க்கமாகவே விட்டுடுச்சு. ஒரே இடத்தில் எழுதும் எண்ணுக்கு இரண்டு அர்த்தம்!

பிறகு என்ன செய்தார்?

1834 முதல் 1838 வரை தென் ஆப்பிரிக்காவில் தங்கி தெற்கு வானத்தை ஆராய்ந்தார். 1842-ல் அவர் கண்டுபிடித்த நீல நிற அச்சு முறையில் இருந்துதான் புளூபிரிண்ட் வந்தது. 1871-ல் மறைந்தவரின் கல்லறை, வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் நியூட்டனுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவர் போட்ட −1, இன்றும் கால்குலேட்டர் பட்டனில் இருக்கிறது.