ஹோல்கர் மகாராஜாவும் ஆரஞ்சுக் காரும்

முன்னுரை



ஆடி மாதம் வந்தால் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா நடக்கும். நாம எல்லாரும் போயிருக்கோம். ஓரி நம்ம கொல்லிமலையை ஆண்ட வள்ளல். அவருடைய குதிரைக்கும் ஓரி என்றுதான் பெயர். இதைத் தமிழ் ஐயா வகுப்பில் சொன்னபோது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அந்தக் காலத்து ராஜாக்களுக்குக் குதிரையும் தேரும் இருந்தது. மோட்டார் வந்த பிறகு இருந்த ராஜாக்கள் எதில் போயிருப்பார்கள்?

அப்போதுதான் பழைய கார்களின் படங்கள் உள்ள ஒரு புத்தகத்தில் அந்தக் காரைப் பார்த்தேன். ஆரஞ்சும் கறுப்பும் கலந்த நிறம். மேலே கூரை இல்லை. முன்பக்கம் நீளமோ நீளம். உட்கார ரெண்டே ரெண்டு பேருக்குத்தான் இடம். அதன் சொந்தக்காரர் இந்தூர் மகாராஜா இரண்டாம் யஷ்வந்த் ராவ் ஹோல்கர். அவருடைய வாழ்க்கையைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

பிறப்பும் பரம்பரையும்

இந்தூர் இப்போது மத்தியப் பிரதேச மாநிலத்தில் இருக்கும் பெரிய நகரம். அந்தக் காலத்தில் அது ஹோல்கர் வம்சத்து மராட்டிய ராஜாக்களின் தனி சமஸ்தானம். அந்த வம்சத்தில்தான் ராணி அகல்யாபாய் ஹோல்கர் இருந்தார். 1767 முதல் 1795 வரை ஒரு பெண்ணாக நின்று நாட்டை ஆண்டவர். காசி விசுவநாதர் கோயிலைத் திரும்பக் கட்டியவர் அவரே.

அந்தப் பரம்பரையில் 1908ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் தேதி யஷ்வந்த் ராவ் பிறந்தார். படிப்பதற்குச் சின்ன வயதிலேயே இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். முதலில் அங்குள்ள பள்ளிகளிலும் பிறகு ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலும் படித்தார்.

பதினேழு வயதில் பட்டம்

அவருடைய அப்பா மூன்றாம் துக்கோஜி ராவ். 1925ல் பம்பாயில் ஒரு கொலை நடந்தது. அந்த வழக்கில் இந்தூர் அரண்மனையின் பெயர் அடிபட்டது. விசாரணைக்கு உட்பட வேண்டும், இல்லையென்றால் பதவியை விட வேண்டும் என்று ஆங்கிலேய அரசு நெருக்கியது. அப்பா 1926 பிப்ரவரியில் பதவியை விட்டார். அப்போது மகனுக்குப் பதினேழு வயது. நம்ம ஊரில் பன்னிரண்டாம் வகுப்பு அண்ணன்மாருக்கு இருக்கும் வயதுதான்! ஆனாலும் ஆட்சி அதிகாரம் முழுவதும் அவர் கைக்கு வந்தது 1930ல்தான்.

அவருக்குக் கல்யாணம் அதற்கு முன்னாலேயே, 1924ல் ஆகிவிட்டது. மணமகள் காகல் என்ற ஊரைச் சேர்ந்த சன்யோகிதா தேவி. அப்போது அவர் நம்மைவிடச் சின்னப் பிள்ளை. படிக்கும்போதே எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனால் அந்தக் காலத்தில் அதுதான் வழக்கம். பிறகு ரெண்டு பேரும் மேல்நாடுகளுக்கு ஒன்றாகப் போனார்கள், ஓவியர்களோடும் சிற்பிகளோடும் பழகினார்கள்.

மாணிக் பாக் அரண்மனை

மகாராஜாவுக்குப் புதுமை என்றால் ரொம்பப் பிரியம். எக்கார்ட் முத்தேசியஸ் என்ற ஜெர்மன் கட்டடக் கலைஞரை வைத்து இந்தூரில் மாணிக் பாக் என்ற அரண்மனையை உருவாக்கினார். கோபுரம், தூண், யானைச் சிலை என்று நாம நினைக்கிற அரண்மனை மாதிரி அது இல்லை. நேர்கோடான சுவர்களும், பளபளக்கும் உலோக நாற்காலிகளும், குளிரூட்டும் வசதியும் அதில் இருந்தன. பிரான்குசி என்ற புகழ்பெற்ற சிற்பியிடம் வானில் பறக்கும் பறவை போன்ற மூன்று சிற்பங்கள் வாங்கினார்.

ஆரஞ்சுக் காரின் கதை

இப்போது காருக்கு வருவோம். அதன் பெயர் டூசன்பர்க் எஸ்.ஜே. அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் என்ற ஊரில் செய்தார்கள். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவுக்குப் போன ஃப்ரெட், ஆகஸ்ட் என்ற அண்ணன் தம்பி தொடங்கிய கம்பெனி அது.

நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் லாரிக்கு எப்படி பாடி கட்டுகிறார்கள்? சேஸ் ஒரு இடத்திலிருந்து வரும், பாடி இங்கே கட்டுவார்கள். டூசன்பர்க்கும் அதே மாதிரிதான். அமெரிக்காவில் செய்த சேஸையும் எஞ்சினையும் லண்டனுக்குக் கொண்டுபோய், கர்னி நட்டிங் என்ற பட்டறையில் பாடி கட்டினார்கள். 1935, 1936ஆம் ஆண்டுகளில் உருவான கார் இது. அப்புறம் கடல் தாண்டி இந்தூருக்கு வந்தது.

எஞ்சினில் எட்டு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் நிற்கும். கொள்ளளவு சுமார் 6.9 லிட்டர். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் ஒரு கருவியும் அதில் உண்டு. காற்று அதிகம் போனால் பெட்ரோலும் அதிகம் எரியும், சக்தியும் கூடும். அடுப்பை ஊதுகுழலால் ஊதுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் 320 குதிரைச் சக்தி கிடைத்தது. ஓரிக்கு ஒரு குதிரை, இவருக்கு 320 குதிரை! மணிக்கு 220 கிலோமீட்டருக்கு மேல் போகும் என்று கம்பெனியார் சொன்னார்கள்.

ஆனால் ஒரு வருத்தமான செய்தி. இந்த எஸ்.ஜே. வகைக் காரை உருவாக்கிய அண்ணன் ஃப்ரெட், 1932 ஜூலையில் அதே வகைக் கார் ஒன்றை ஒரு மலைச்சாலையில் ஓட்டிப்போனார். மழையில் நனைந்த ரோடு. கார் அவர் கைக்கு அடங்காமல் விபத்தானது. அதே மாதத்தில் இறந்துபோனார். செய்தவருக்கே அடங்காத வேகம்! காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கும் நமக்கு, மழை பெய்த மலை ரோடு எப்படி இருக்கும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

சோகமும் மாற்றமும்

அந்தக் கார் கிடைத்த கொஞ்ச நாளிலேயே, 1937ல், மகாராணி சன்யோகிதா சுவிட்சர்லாந்தில் காலமானார். அவருக்கு இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை. உஷா என்ற சின்ன மகள் இருந்தாள். சிற்பி பிரான்குசியைக் கொண்டு இந்தூரில் ஒரு தியான மண்டபம் கட்ட மகாராஜா நினைத்தார். சிற்பியும் இந்தூர் வரைக்கும் வந்தார். ஆனால் மண்டபம் கட்டப்படவே இல்லை. அதே 1937ல் டூசன்பர்க் கம்பெனியும் மூடப்பட்டது. மகாராஜா அதன் பிறகு இரண்டு முறை மறுமணம் செய்தார்.

நாட்டு விவகாரத்திலும் அவர் இருந்தார். 1942ல் இந்தியப் பிரச்சினையைத் தீர்த்து வைக்க உதவும்படி அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கு வெளிப்படையாகக் கடிதம் எழுதினார். ஆனால் 1947ல் இந்தியாவோடு சேருவதற்கு முதலில் தயங்கினார், பிறகுதான் கையெழுத்துப் போட்டார். 1948 மே மாதம் இந்தூர், குவாலியர் முதலான சமஸ்தானங்கள் சேர்ந்து மத்திய பாரதம் என்ற மாநிலமானது. அதில் இவர் துணை ராஜப்பிரமுகராக 1956 வரை இருந்தார். அத்தோடு ராஜாங்கம் முடிந்தது.

1961ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் தேதி பம்பாயில் காலமானார். வயது 53. அவருக்குப் பிறகு மகாராணிப் பட்டம் மகள் உஷா தேவிக்குப் போனது. அகல்யாபாய் வம்சத்தில் மறுபடியும் ஒரு பெண்! இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு ரொம்ப சந்தோஷம்.

உங்களுக்குத் தெரியுமா?

* டூசன்பர்க் ஜே வகை 1928ல் அறிமுகமானபோது சேஸும் எஞ்சினும் மட்டுமே 8,500 டாலர். பாடிக்குத் தனிக் காசு. அப்போது ஒரு சாதாரண ஃபோர்டு கார் முழுசாகவே ஐந்நூறு டாலர் அளவில் கிடைத்தது.

* ஹோல்கர் கிரிக்கெட் அணி ரஞ்சிக் கோப்பையை 4 தடவை வென்றது. இந்தியாவின் முதல் டெஸ்ட் கேப்டன் சி.கே. நாயுடு அந்த அணிக்கு ஆடியவர்.

* 1954-55ல் இந்தூரிலேயே நடந்த இறுதி ஆட்டத்தில் ஹோல்கர் அணியைத் தோற்கடித்து, நம்ம மெட்ராஸ் அணி முதல் தடவையாக ரஞ்சிக் கோப்பையை வாங்கியது!

என் மனதில் பட்டது

இவ்வளவும் படித்த பிறகு எங்க ஆயாவிடம் காரின் படத்தைக் காட்டினேன். ஆயா ரொம்ப நேரம் பார்த்தது. ரெண்டு பேருக்குப் போயி இத்தனாம் பெரிய வண்டியா என்று கேட்டது. அப்புறம் ஒரு கதை சொன்னது.

மலைக்குப் பஸ் வராத காலம். ஆயாவோட அக்காவுக்குப் பிரசவ வலி வந்தது. பிள்ளை பிறக்கவில்லை. மூங்கிலில் போர்வையைத் தூளியாகக் கட்டி, நாலு பேர் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் இறங்கினார்கள். தீப்பந்தம் பிடித்துக்கொண்டு முன்னாடி நடந்தது எங்க ஆயா. அப்போது அதற்கு என் வயதுதான் இருக்குமாம். அடிவாரம் போய்ச் சேருவதற்குள் அக்கா போய்விட்டது. திரும்ப அதே தூளியில்தான் மேலே கொண்டுவந்தார்கள்.

அதைக் கேட்டதும் எனக்குக் காரின் மேல் கோபம் வந்தது. அந்தக் காருக்குக் கொடுத்த பணம் யாருடையது? சமஸ்தானத்தில் ஏர் பிடித்த சனங்கள் கட்டிய வரியும் அதில் இருந்திருக்கும். அவர்கள் வீட்டிலும் யாராவது தூளியில் போயிருப்பார்கள்தானே?

ஆனால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தூரில் ஒரு பெரிய அரசு மருத்துவமனை இருக்கிறது. அதன் பெயர் மகாராஜா யஷ்வந்த் ராவ் மருத்துவமனை. ஊர்க்காரர்கள் சுருக்கமாக எம்.ஒய். என்கிறார்கள். அந்தப் பெயர் நம்ம ராஜாவுடைய பெயர்தான். ஏழை சனங்கள் தினமும் அந்தப் பெயரைக் கேட்டுத்தான் வழி விசாரித்துப் போகிறார்கள். இதைச் சொன்னதும் ஆயா தலையாட்டியது. அது நல்ல காரியம் என்றது.

முடிவுரை

ஆரஞ்சுக் கார் இப்போது இந்தூரில் இல்லை. அமெரிக்காவுக்கே திரும்பி, பழைய கார் சேகரிக்கும் பணக்காரர்கள் கைக்குப் போய்விட்டது. மாணிக் பாக்கின் நாற்காலிகளும் சாமான்களும் 1980ல் மொனாக்கோ நாட்டில் ஏலம் போயின. அரண்மனை மத்திய அரசின் வரி அலுவலகமாக மாறியது. மகாராஜா ஆசைப்பட்டு வாங்கியதெல்லாம் ஒவ்வொன்றாகப் போய்விட்டது. அவர் பெயர் மட்டும் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறது.

பறம்பு மலைப் பாரி தன் தேரை முல்லைக் கொடிக்கு விட்டுவிட்டு நடந்து போனார் என்று நாம படித்திருக்கோம். அந்தத் தேர் எவ்வளவு வேகமாக ஓடியது, என்ன விலை, என்ன நிறம் என்று யாருக்காவது தெரியுமா? அது கொடிக்குப் போனது என்பது மட்டும்தான் இத்தனை நூறு வருஷமாகத் தெரிகிறது.

நம்மில் யாராவது நாளைக்குக் கார் வாங்கலாம். ஏன், நானே வாங்குவேன்! ஆரஞ்சு நிறமாகக்கூட இருக்கலாம். ஆனால் பின்னாடி ஒரு ஆள் படுத்துக்கொண்டு போகும் அளவுக்கு இடம் இருக்கிற வண்டியாகப் பார்த்து வாங்குவேன்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
தேவனூர் நாடு, கொல்லிமலை.