யாப்புக் கடலில் கலம் செலுத்திய அமிதசாகர முனிவர்

அருக பரமேட்டியின் திருவடி மறவாத தமிழ்ச் சான்றோர் வரிசையில் இலக்கண ஆசிரியர்க்குத் தனியிடம் உண்டு. எழுத்தையும் சொல்லையும் கற்க விரும்பிய தமிழ் மாணாக்கர் பவணந்தி முனிவரின் நன்னூலை நாடினர். செய்யுளின் இயல்பைக் கற்க விரும்பியோர் அமிதசாகர முனிவரின் காரிகையை நாடினர். சைவரும் வைணவரும் கிறித்தவரும் ஆகிய பல சமயத்துப் புலவரும் இவ்விரு சமண முனிவரின் நூல்களைப் படித்தே புலமையின் வாயிலைக் கடந்தனர். இவருள் அமிதசாகரரின் வரலாற்றை இவ்விழா மலரில் நினைவுகூர்தல் நம் கடமையாகும்.

அமிதம் என்பது அளவற்றது. சாகரம் என்பது கடல். அளவற்ற கடல் என்னும் பொருள்படும் இத்திருநாமம் அமுதசாகரர் எனவும் வழங்கும். இவர்தம் ஆசிரியர் பெயர் குணசாகரர். ஆசிரியர் குணங்களின் கடல், மாணாக்கர் எல்லையற்ற கடல் எனப் பெயரிலேயே குருமரபு தொடர்ந்தது. முனிவர் வாழ்ந்த காலம் கி.பி. 10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியும் 11ஆம் நூற்றாண்டின் முற்பகுதியும் என அறிஞர் கொள்வர். தம் பிறப்பையும் பெற்றோரையும் பற்றி நூலில் எழுதிவைப்பது துறவியர் வழக்கன்று. ஆசிரியர் பெயரே அவர்க்குக் குலமும் குடியும் ஆயிற்று.

முனிவர் முதலில் இயற்றியது யாப்பருங்கலம். யாப்பு என்பது செய்யுள்; அருங்கலம் என்பது அரிய அணிகலன் எனவும் அரிய மரக்கலம் எனவும் இருபொருள் தரும் சொல். நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகளைப் போற்றும் நம்மவர்க்கு அருங்கலம் என்னும் சொல் புதியதன்று. அருங்கலச்செப்பு என்னும் நூலை நாம் அறிவோம். ஏறத்தாழ நூறு சூத்திரங்களால் ஆன யாப்பருங்கலத்திற்கு விருத்தியுரை என்னும் பேருரை எழுந்தது. காக்கைபாடினியம், அவிநயம் முதலிய பழைய யாப்பு நூல்களின் பகுதிகளையும், வளையாபதி, குண்டலகேசி போன்ற காப்பியங்களின் செய்யுட்களையும் அவ்வுரை எடுத்துக்காட்டாகத் தந்தது. மூலநூல்கள் மறைந்தபின் அவற்றின் எச்சம் அவ்வுரை வழியாகவும் நமக்குக் கிடைத்தது. இலக்கணம் சொல்ல வந்த உரை இவ்வாறு இலக்கியத்தின் காப்புப் பெட்டகமும் ஆயிற்று.

சூத்திரநூல் கற்றுத் துறைபோகியவர்க்கு உரியது. தொடக்க நிலையில் உள்ளோர்க்கு அது எளிதன்று. எனவே முனிவர் இரண்டாவதாக யாப்பருங்கலக்காரிகையை இயற்றினார். அறுபதுக்கு மிகாத செய்யுட்களில் உறுப்பியல், செய்யுளியல், ஒழிபியல் என மூன்று இயல்களாக அதனை வகுத்தார். இதற்கு உரை கண்டவர் பெயரும் குணசாகரர் என்பதே. கடவுள் வாழ்த்தில் பிண்டி மரத்து நிழலில் எழுந்தருளிய அருகனை வணங்கி நூலைத் தொடங்கும் முனிவர், அவையடக்கத்தில் தம்மைப் பெரிதும் தாழ்த்திக்கொள்கிறார். பொன்மலையைச் சேர்ந்த காக்கையும் பொன்னிறம் பெறுவது போலத் தம் எளிய சொல்லும் கற்றோர் முன் விழுமியதாகும் என்னும் கருத்துப்பட அவர் பாடுகிறார். அடக்கத்தை அறிவிக்க வந்த இடத்திலும் உவமை என்னும் அணி எவ்வாறு செயற்படும் என்பதை அவர் காட்டிவிட்டார்.

இந்நூல் பிறந்த வரலாற்றுக்குக் கல்வெட்டுச் சான்று உண்டு. மயிலாடுதுறையை அடுத்த நீடூர்ச் சிவன் கோயிலில் முதற் குலோத்துங்க சோழன் காலத்துக் கல்வெட்டுப் பாடல் ஒன்று உள்ளது. அது கண்டன் மாதவன் என்னும் தலைவனைப் புகழும்போது, அவன் குலத்து முன்னோர் ஒருவர் அமிதசாகர முனிவரைச் சயங்கொண்ட சோழமண்டலத்துச் சிறுகுன்ற நாட்டுக்கு வருவித்துக் காரிகை செய்வித்ததைக் குலப்பெருமையாகக் கூறுகிறது. நூல் பிறந்த குளத்தூர், காரிகைக் குளத்தூர் எனப் பெயர் பெற்றது. ஓர் இலக்கண நூலால் ஊர் பெயர்பெற்றதும், சமண முனிவரை ஆதரித்த சிறப்பு சிவன் கோயிற் கல்லில் பொறிக்கப்பட்டதும் எண்ணி மகிழத்தக்கன.

முனிவர் கற்பித்த செய்யுள் உறுப்புகள் ஆறு: எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை. எழுத்துகள் சேர்ந்து அசையாகும். அசைகள் சேர்ந்து சீராகும். சீரும் சீரும் கட்டுண்பது தளை. சீர்கள் தொடர்வது அடி. அடிகளையும் சீர்களையும் ஓசையால் கோப்பது தொடை. தொல்காப்பியர் நேர், நிரை, நேர்பு, நிரைபு என அசை நான்கு கொண்டார். அமிதசாகரரோ நேர், நிரை என்னும் இரண்டே போதும் எனக் கொண்டு கற்போர் சுமையைக் குறைத்தார்.

பாண்டி நாட்டுக் கடற்கரையைக் கொண்டே இதனைக் கற்கலாம். உடன்குடி என்னும் ஊர்ப்பெயரை உடன், குடி எனப் பிரித்தால் இரண்டும் நிரையசை, நிரைநிரை கருவிளம். கடற்கரை என்பதும் கருவிளம்; அவ்வூர்க் கருப்பட்டிக்குத் தாயாகிய பனைமரம் என்பதும் கருவிளம். பதநீர் என்பது நிரைநேர், புளிமா. முத்துக்குப் பேர்பெற்ற கொற்கை நேர்நேர், தேமா. திருச்செந்தூர் நிரைநேர்நேர், புளிமாங்காய். தூத்துக்குடி நேர்நேர்நிரை, தேமாங்கனி. தேமா, புளிமா எனத் தோட்டத்து மரங்களின் பெயரையே வாய்பாடாக வைத்ததனால் சிறுவரும் இக்கணக்கை விளையாட்டாகக் கற்றனர்.

தளையும் இவ்வாறே விளங்கும். கொற்கை முத்து என்றால் மாச்சீர் முன் நேர் வந்தது, அது நேரொன்றாசிரியத்தளை. உடன்குடிக் கருப்பட்டி என்றால் விளச்சீர் முன் நிரை வந்தது, அது நிரையொன்றாசிரியத்தளை. கொற்கைக் கடல் என்று மாற்றினால் மாச்சீர் முன் நிரை வந்து இயற்சீர் வெண்டளை ஆகிவிடும். ஒரு சொல் மாறியதும் ஓசை செப்பலுக்கு உரியதாக மாறுவதைச் செவியே உணரும்.

தொடை என்னும் சொல்லுக்குத் தொடுக்கப்பட்ட மாலை என்பதும் பொருள். முத்துக்களைத் தரம் பிரித்து நிறம் பார்த்துக் கோப்பது போலச் சொற்களை முதலெழுத்து ஒன்றக் கோப்பது மோனை; இரண்டாம் எழுத்து ஒன்றக் கோப்பது எதுகை. கடல், கரை, கயல் என வருவது மோனை. முத்து, வித்து, பத்து என வருவது எதுகை. மேடு, பள்ளம் என மாறுபட்டு வருவது முரண். இறுதி ஒன்றி வருவது இயைபு. ஓரடியின் முடிவு அடுத்த அடியின் தொடக்கமாவது அந்தாதி.

யாப்பு வேறு, அணி வேறு என்பதையும் இளையோர் உணர்தல் வேண்டும். யாப்பு செய்யுளின் உடற்கட்டு. உவமை, உருவகம் முதலிய அணிகள் அவ்வுடலுக்கு அழகு. அணியிலக்கணம் தண்டியலங்காரத்தில் 35 பொருளணிகளாக விரிந்தது. உடன்குடிக்கு அண்மையிலுள்ள ஆழ்வார்திருநகரியில் 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த திருக்குருகைப் பெருமாள் கவிராயர், மாறனலங்காரம் என்னும் நூலால் அதனை மேலும் வளர்த்தார். அதே மாவட்டத்துக் கழுகுமலையிலோ, அதற்குச் சில நூற்றாண்டுகள் முன்னரே நம் துறவியர் தங்கிக் கல்வி வளர்த்தனர். அங்குள்ள வட்டெழுத்துக் கல்வெட்டுகள் ஆசிரியர், குரத்தியர், மாணாக்கர் பெயர்களைத் தாங்கி நிற்கின்றன. சித்தாந்தம் உரைக்கும் துறவியர்க்கு உணவளிக்கும் அறமும் அங்கு இருந்தது. கழுகுமலை என்பது நிரைநிரைநேர், கருவிளங்காய்.

உடைமை யாவும் துறந்த முனிவர் ஓசைக் கணக்கில் உழைத்தது எதற்காக என ஒருவர் வினவலாம். அதற்கு விடை அந்நூலின் யாப்பிலேயே உள்ளது. காரிகை கட்டளைக் கலித்துறையால் ஆனது. அடிக்கு ஐந்து சீர். நேரசையில் தொடங்கும் அடியில் ஒற்று நீங்கலாக 16 எழுத்து. நிரையசையில் தொடங்கினால் 17 எழுத்து. ஏடெழுதுவோர் ஓர் எழுத்தை விட்டாலும் கூட்டினாலும் கணக்குப் பிழைத்துத் தவறு வெளிப்படும். பனையோலை கறையானுக்கு இரையாகும். எழுதுவோர் கண்ணும் சோரும். அந்நிலையில் ஆகமப் பொருளையும் அறவுரையையும் சிதையாமல் காக்கும் வேலி யாப்பே. எடுத்துக்காட்டுச் செய்யுட்களின் முதற்சொற்களைத் தொகுத்து முதனினைப்புக் காரிகைகளாக அமைத்ததும், நூல் ஏட்டில் அழிந்தாலும் நெஞ்சில் நிற்றற்பொருட்டே. ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என்னும் நான்கு தானங்களுள் சாத்திர தானத்தை முனிவர் இவ்வாறு நிறைவேற்றினார்.

அத்தானத்தின் பயன் பல நூற்றாண்டு கடந்து நம்மையே வந்தடைந்தது. உ. வே. சாமிநாதையர் இளமையில் செங்கணம் விருத்தாசல ரெட்டியாரிடம் காரிகை பாடங்கேட்டார். சைவக் குடும்பத்து மாணாக்கர் ஒருவர் சமண முனிவரின் நூலைக் கற்றார். பின்னர் அவரே சீவக சிந்தாமணி ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கி 1887இல் அச்சிட்டார். அதிலுள்ள சமயச் செய்திகளைக் கும்பகோணத்துச் சமண அன்பர்கள் அவர்க்கு விளக்கினர். சிந்தாமணி விருத்தப்பாவால் ஆனது. தாழிசை, துறை, விருத்தம் என்னும் பாவினங்களின் இலக்கணத்தைத் தெளிவாக வகுத்துத் தந்த நூல்களுள் காரிகை தலையாயது. ஏட்டில் சீர் பிரிக்காமல் தொடர்ந்தெழுதிய வரிகளைப் பிரித்துப் பொருள் காண யாப்பறிவே விளக்காகும்.

இன்று நம் இல்லங்களில் நீலகேசியும் சிந்தாமணியும் அலமாரியில் உள்ளன. அவற்றைச் சீர் பிரித்து வாய்விட்டுப் படிக்கும் குரல் குறைந்துவருகிறது. படிக்கத் தெரிந்தோர் இல்லாத நூல், அச்சில் இருந்தும் மறைந்த நூலே ஆகும். பள்ளி விடுமுறை நாள்களில் பெரியோர் ஒருவர் சிறுவரை அமர்த்தி, அவரவர் பெயரையும் ஊரையும் நேர், நிரை என அலகிடக் கற்பித்தால் அதுவே தொடக்கம். அதன்பின் வெண்பா ஒன்று, விருத்தம் ஒன்று எனப் படிப்படியாகச் செல்லலாம். காரிகைக் குளத்தூரில் அன்று தொடங்கிய பாடம் நம் திண்ணைகளிலும் தொடர்வதாக.